சேந்தியின் பூட்ஸ்

ஜூன் 4, புதன்

மதுரையிலிருந்து மாலையில் வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடம் திறந்த வாரம். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. சங்கரபாண்டி ஒற்றை ஆளாகச் சமாளித்திருக்கிறான். பாவம், தொண்டை கட்டிப்போயிருந்தது. கறுப்பு ஷூவில் சின்ன சைஸ்கள் தீர்ந்துவிட்டன. காலையில் முதல் வேலையாக ஆக்ரா மொத்த வியாபாரியிடம் பேச வேண்டும்.

டாக்டர் சொன்னதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும். மருந்து ஏற்றியதில் போதுமான பலன் இல்லை. இடது கணுக்காலுக்கு மேலே எலும்பில் இருக்கும் கட்டி சுருங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம்.

"வேற வழி?" என்றேன்.

"இருந்தா அதைத்தாம்மா முதல்ல சொல்லியிருப்பேன்."

வியாபாரத்தில் இப்படிப் பேசுகிறவனை நம்பலாம். நம்பினேன்.

என் மகள் முத்தரசி அழவில்லை. இருபத்திரண்டு வயது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். கோவில்பட்டி தாண்டியதும் கேட்டாள்.

"யம்மா, சூலை இருபத்தேழு சென்னைல போட்டி. அதுக்குப் பெறவுதானே ஆப்பரேசன்?"

"என்ன போட்டி?"

"என்ன போட்டின்னு கேக்கியா? ரெண்டு வருசமா ஒன் கோடவுன்ல ஷீட்டக் களவாண்டு நான் என்னத்த செஞ்சுக்கிட்டிருக்கேன்னு நெனச்ச?"

தெரியும். 'தழல்வேலி' என்று ஒரு படம். அதில் சேந்தி என்று ஒரு படைத்தலைவி. அந்த வேஷத்தைப் படத்தில் உள்ளபடியே செய்து, கட்டிக்கொண்டு மேடையில் நடந்து காட்ட வேண்டும். ஒரு வார் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்களாம். மார்க்கவசம், தோள் தகடு, முழங்கைக் காப்பு எல்லாம் முடித்துவிட்டாள். எல்லாம் செருப்புக்கு அடிவெட்டுகிற ஈவிஏ நுரை ஷீட்தான். வண்ணம் பூசி வைத்திருப்பதைப் பார்த்தால் நானே இரும்பு என்று தட்டிப் பார்ப்பேன். தலைமுடி போனபோதுகூட, "விக்கு வைக்க வசதியாப் போச்சு" என்றாள். பாக்கி பூட்ஸ் மட்டும்.

"ரெண்டு காலோட ஒருக்க நடந்துருதேன். அப்புறம் அவங்க எடுத்துக்கிடட்டும்."

"பூட்ஸ நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். ஷூ விற்கிறவள் வேறு என்ன சொல்ல முடியும்.

அவள் அப்பா பம்பாயில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவருக்குச் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மதியத்தோடு கடையை அடைத்துவிட்டு அரசியோடு உட்கார்ந்து படம் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது. சேந்தியின் கால் தெரிகிற இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். கதை என்ன என்று இன்னும் எனக்குத் தெரியாது. கால் நன்றாகத் தெரியும்.

முழங்கால் வரைக்கும் ஏறும் செம்பழுப்பு பூட்ஸ். குறுக்கே வார்கள். இப்படிப்பட்ட பூட்ஸைச் சினிமாவில் அடியிலிருந்து செய்ய மாட்டார்களாம். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு ஷூவை வாங்கி, மேலே தோல் போர்த்தி, வார் சுற்றி, அழுக்கேற்றி விடுவார்கள். உள்ளே இருக்கும் அந்த ஷூவை அரசி 'பேஸ்' என்கிறாள். நான் அடி என்கிறேன். முன்மூக்கின் வளைவு, குதியின் உயரம், சோலின் விளிம்பு எல்லாம் அடி கொடுப்பது. அது தப்பினால் மேலே தங்கத்தால் தைத்தாலும் தப்புதான்.

"குதிரைச் சவாரி பூட்ஸுன்னு எங்க குரூப்ல எல்லாரும் சொல்லுதாவ."

"ஒன் குரூப்ல எவனாவது ஒரு சோடி செருப்பு வித்துருக்கானா?"

"இல்ல."

"பின்ன? குதிரை பூட்ஸுக்கு மூக்கு ஒடுக்கமா இருக்கும். இது பாரு, கொழுக்கட்ட மாதிரி உருண்டு கெடக்கு. பாக்டரியில போடுத சேஃப்டி ஷூ இது. உள்ள இரும்புத் தொப்பி இருக்கும். மேல தோல உசத்திக் கட்டியிருக்கான்."

"நெசமாவா?"

"எழுதி வச்சுக்கோ."

என்னைக் கொஞ்சநேரம் பெருமையாகப் பார்த்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

கங்கைகொண்டான் கம்பெனிகளுக்கு ஷூ சப்ளை செய்கிறவரிடமிருந்து ஒரு சோடி வாங்கி வந்தேன். அரசியின் அளவு ஆறு. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததுமே அவள் முகம் சரியில்லை. படத்தை நிறுத்தி, ஷூவைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். மூக்கு புடைத்துக்கொண்டு நின்றது. படத்தில் இருப்பது உருண்டை, இது வீக்கம்.

"எழுதி வச்சுக்கோன்னியே, எங்கன எழுதணும்?"

"வாய மூடிட்டுப் போட்டுப் பாரு."

வலது கால் போனது. இடது கால் பாதியில் நின்றுவிட்டது. வீங்கியிருக்கிறது என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது. வீட்டில் முழுப் பாவாடையோடே நடக்கிறாள். தொழிலே அடுத்தவர் காலைப் பார்ப்பதுதான் எனக்கு. இழுத்துக் கழற்றும்போது பல்லைக் கடித்தாள். உடனே சிரித்தாள்.

"அடி தப்பும்மா."

சேஃப்டி ஷூ திரும்ப எடுக்க மாட்டார்கள். போகட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

எழுத நேரமில்லை. ரத்தத்தில் வெள்ளை அணு குறைவு என்று ஊசி. சாக்ஸ் ஸ்டாக் இல்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று ஒருவர் வந்தார். ஐஸ் கம்பெனியில் வேலை. கம்பூட்ஸ் வேண்டும் என்றார். இறால் கம்பெனிக்காரர்கள் தண்ணீரில் நின்று வேலை செய்யும்போது போடுவார்களே, முழங்கால் உயர வெள்ளை ரப்பர் பூட்ஸ். நான் அதை மொத்தமாகத் தூத்துக்குடிக்கு அனுப்புகிறேன். ஸ்டாக் இருக்கிறது. சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தவர் போல. வலது கால் எட்டு, இடது கால் ஆறு.

"ரெண்டு சோடி எடுத்துக்கோங்கண்ணே, வேற வழியில்ல" என்றேன்.

"ஒண்ணு ஒண்ணா குடுக்க முடியாதாம்மா?"

"முடியாதுண்ணே. சோடிய ஒடச்சா மிச்சம் ரெண்டையும் நான் யாருக்கு விப்பேன்?"

இது நான் பஸ் ஸ்டாண்டு வாசலில் சாக்கு விரித்து ரப்பர் செருப்பு விற்ற காலத்திலிருந்து இருக்கும் சட்டம். சோடியை உடைக்கக் கூடாது. ஒற்றை ஆனது சரக்கில்லை, குப்பை. அதனால்தான் எங்கள் கடைகளில் வெளி ஸ்டாண்டில் ஒரு காலை மட்டும் வைப்பது. இன்னொன்று பெட்டிக்குள் இருக்கும். ஒற்றையை எவனும் திருடமாட்டான். என் கடையில் எப்போதும் இடதுகால்தான் வெளியே.

அவர் இரண்டு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக் காட்டிய கம்பூட்ஸ் கல்லாவுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. சங்கரபாண்டி எடுத்து வைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

மதியம் கூட்டமில்லை. போனில் மறுபடி அந்தப் படத்தை ஓடவிட்டேன். சேந்தி ஆற்றைக் கடக்கிறாள். இடுப்பளவு தண்ணீர். கரையேறி மண்டியிடுகிறாள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நனைந்த தோல் கறுக்கும், இது கறுக்கவில்லை. மண்டியிட்டால் தோல் பூட்ஸ் கணுக்காலில் சுருங்கி மடியும். இது குழாய் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. மேல் வாய் வட்டமாகத் திறந்து கிடக்கிறது. உள்ளே இருப்பது தோலே இல்லை.

தலையைத் திருப்பினேன். கல்லாப் பக்கத்தில் வெள்ளைக் கம்பூட்ஸ் உட்கார்ந்திருக்கிறது. உருண்டை மூக்கு. தாழ்ந்த குதி. சோலின் விளிம்பில் அலை அலையாகக் கோடு. அடி வேறு எங்கேயும் இல்லை, என் கோடவுனில், மூட்டை மூட்டையாக.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்றால், ஷூக் கடைக்காரர்கள் கம்பூட்ஸை ஷூ என்றே நினைப்பதில்லை. வாளி, கயிறு மாதிரி அது ரப்பர் சாமான். ஷூவைத் தேடுகிறவள் கண்ணில் அது படவே படாது.

வீட்டுக்கு ஓடினேன். கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடினேன் என்று சங்கரபாண்டி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அரசி படத்தையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். சோலின் கோடுகளை விரலால் தடவினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யம்மா. இறால் கம்பெனி பூட்ஸாம்மா சேந்தி போட்டிருக்கா?"

"ஆமாட்டி. ஒங்க படைத்தலைவிய தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனா இறால் உரிக்க விட்டுருவாவ."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தம் கேட்டு.

ஜூலை 1, செவ்வாய்

கம்பூட்ஸில் ஒரு வசதி, வாய் அகலம். வீங்கிய காலும் உள்ளே போகும். ஆனால் பாதமும் இப்போது வீங்கியிருக்கிறது. வலது காலுக்கு ஆறு சரி. இடது காலுக்கு ஏழு போட்டும் முடியவில்லை. எட்டு போனது.

"சின்னதும் பெருசுமா இருந்தா மார்க்கு கொறப்பாவளா?" என்றேன்.

"அதெல்லாம் வார் சுத்துனா தெரியாது. நீதான் சோடிய ஒடைக்க மாட்டியே."

கோடவுனுக்குப் போய் ஆறில் ஒரு பெட்டி, எட்டில் ஒரு பெட்டி எடுத்தேன். இரண்டையும் பிரித்தேன். ஆறின் வலது, எட்டின் இடது. சங்கரபாண்டி ஏணி மேல் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, சோடியவா ஒடைக்கிய?"

"ஆமா."

ஏணியிலிருந்து இறங்கி, "மிச்சம் எட்டுல வலது, ஆறுல இடது இருக்கு. அன்னைக்கு வந்த ஐஸ் கம்பெனிக்காரருக்கு அளவெடுத்த மாதிரி இருக்குமேக்கா?" என்றான்.

இருக்கும். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று அவரிடம் கேட்கவில்லை. ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். திரும்ப வந்தால் கொடுக்கலாம்.

ஜூலை 5, சனி

ஒட்டும் வேலை. பசை வாசனை அரசிக்கு ஆகவில்லை. மருந்துக்குப் பிறகு எல்லா வாசனைக்கும் வாந்தி. அதனால் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் உள்ளே இருந்து ஒட்டினேன். வெள்ளை ரப்பரை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மேலே செம்பழுப்பு ரெக்சினை இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டும். மூக்குப் பக்கம் சுருக்கம் விழாமல் ஒட்டுவது கஷ்டம். விழவில்லை.

"மூணாவது வார் ரெண்டு விரக்கடை கீழ."

"இங்கயா?"

"இன்னும் கீழ. நீ ஒன் இஷ்டத்துக்குக் கட்டாத. சேந்திக்குத் தெரியும் எங்க கட்டணும்னு."

"சேந்தி வந்து ஒட்டட்டும் அப்போ."

ஓர விளிம்பு படத்தில் தேய்ந்திருக்கும். புதுசாக இருக்கக் கூடாதாம். புதுச் சரக்கைப் பழசாக்கச் சொல்கிற வாடிக்கையாளரை இப்போதுதான் பார்க்கிறேன். கல்லில் உரசிக் கொடுத்தேன்.

அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கின்றன; கொக்கியைப் பிடிக்க வரவில்லை. கொக்கிகளையும் நானே தைத்தேன். அவள் வெறுமே மடியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர். டவுனில் கூட்டம். தேர் நிலைக்கு வந்ததும் வழக்கம்போல ரதவீதி முழுக்கச் செருப்பு. வடம் பிடிக்கிற அவசரத்தில் எவன் கால் செருப்பு எங்கே போனது என்று யாருக்குத் தெரியும். எல்லாம் ஒற்றை ஒற்றையாகக் கிடக்கும். தேருக்கு மறுநாள் எங்களுக்கு நல்ல வியாபாரம். வருஷா வருஷம் இந்தத் தெருவைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறையும்.

இந்த வருஷம் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

மதுரை. ஸ்கேன். டாக்டர் அரசியை வெளியே இருக்கச் சொன்னார். கட்டி பெரிதாகிவிட்டது. எலும்பு எப்போது வேண்டுமானாலும் உடையலாம், உடைந்தால் உள்ளே பரவும், காத்திருக்க முடியாது. பதினெட்டாம் தேதி செய்துவிடலாம் என்றார்.

"இருபத்தேழு வரைக்கும் தள்ளலாமா டாக்டர்? ஒரு வாரம், பத்து நாள். நான் அவள நடக்கவே விட மாட்டேன். சக்கர நாற்காலியில வச்சுக்கிடுதேன்."

"அம்மா, தள்ளலாம்னு என் வாயால வராது."

"பாதி வழி வாங்க. இருபத்து மூணு?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பேரம் பேசித் தோற்றதில்லை. ஒருத்தன் கடைசி விலைக்கு வந்துவிட்டால் அவன் முகத்தில் தெரியும். அவர் முகத்தில் தெரிந்தது.

நெஞ்சிலும் படம் எடுத்தார்கள். சின்னதாகப் புள்ளிகள் இருக்கின்றன என்றார். சளியாகவும் இருக்கலாம் என்றேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அரசியிடம் சொல்ல வேண்டாம், கால் ஆப்பரேஷனை முடித்துக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

சளியாகத்தான் இருக்கும். வீட்டில் பசை வேலை வேறு நடந்தது.

ஜூலை 11, வெள்ளி

சொன்னேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன்.

"பதினெட்டா?" என்றாள். "முடியாது."

"டாக்டர் சொல்லுதாரு."

"டாக்டருக்கு அவர் வேல. கையெழுத்து நான்லா போடணும்? நான் போட மாட்டேன். இருபத்தெட்டாம் தேதி காலைல வந்து கட்டில்ல படுத்துக்கிடுதேன்னு சொல்லு."

"நடுவுல ஒடஞ்சா?"

"ஒடஞ்சாத்தான் என்ன? எடுக்கத்தானே போறாவ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ரப்பர் பூட்ஸுக்காக உயிரை விடுவியா, சினிமாப் பைத்தியமா, அடுத்த வருஷம் போட்டி நடக்காதா, ஒற்றைக் காலோடு சேந்தி வேஷம் போடக் கூடாதென்று எவன் சொன்னான் என்று கத்தினேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை. சந்தையில் கத்தித்தானே மேலே வந்தேன்.

அவள் கத்தவில்லை.

"அடுத்த வருசம்னு நீ சொல்லுத. நெஞ்சுல புள்ளி இருக்குல்லா?"

நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"யார் சொன்னா?"

"நான்தான் கேட்டேன். நீ மருந்து வாங்கப் போனப்போ உள்ள போய் டாக்டர்ட்ட கேட்டேன். ஒன் மொகத்தப் பாத்துட்டுக் கேட்டேன். அதாம்மா இந்த வருசம்னு சொல்லுதேன்."

தட்டைக் கழுவினேன். மற்ற பாத்திரங்களையும் கழுவினேன். கழுவ வேறு எதுவும் இல்லாமல் போன பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சளியாவும் இருக்கலாம்டி" என்றேன்.

"இருக்கலாம்" என்றாள். என் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

பூட்ஸ் முடிந்தது. கடைசி வாரை அவளே கட்டினாள், பல்லால் இழுத்து. படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் தெரியவில்லை. போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். போன் ஓயாமல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எது அடி என்று எல்லாரும் கேட்கிறார்களாம்.

"சொல்லட்டுமா?"

"தொழில் ரகசியம்டி. சொல்லாத."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பதினெட்டுக்கே வாரேன்னு டாக்டருக்குச் சொல்லிரு" என்றாள். அதே குரலில். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மாற்றிக்கொள்வாளோ என்று பயம்.

என் அண்ணி போன் செய்து ஆடி மாசம் பிறந்துவிடுமே, ஆடியிலா ஆப்பரேஷன் என்றாள். வைத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. காலையில் கிளம்பும்போது, "பூட்ஸ மட்டும் எடுத்துக்கோ" என்றாள். கவசமெல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றாள். துணிப்பையில் வைத்து, மேலே போர்வையைப் போட்டு மறைத்துக் கொண்டுபோனேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டில் சத்தமில்லாத நேரம். நர்ஸ் மேஜையில் ஆளில்லை.

"யம்மா, எடு."

பச்சைக் கவுன். முடியில்லாத தலை. கையில் ஊசி செருகி, மருந்து பாட்டில் தொங்கும் கம்பியோடு குழாய். நான் தரையில் உட்கார்ந்து வலது காலுக்கு முதலில் போட்டேன். வாழ்நாள் முழுக்க ஊராருக்குப் போட்டுவிட்ட மாதிரிதான்: குதியைப் பிடித்து, விரல்களை உள்ளே விட்டு, அழுத்திச் செருகி. இடது காலுக்கு வரும்போது என்னால் குதியைப் பிடிக்க முடியவில்லை. தொட்டாலே சூடாக இருந்தது. அவளே மெல்ல உள்ளே விட்டுக்கொண்டாள். நான் வார்களைக் கட்டினேன். மேலிருந்து மூன்றாவதை இரண்டு விரற்கடை கீழே.

"நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்றேன்.

"பிடிச்சுக்கோ."

நின்றாள். என் தோளில் ஒரு கை. இன்னொரு கையால் பாட்டில் கம்பியைச் சேந்தி ஈட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். தாடையை உயர்த்தினாள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தாள். அவளுடைய பாரம் முழுக்க என் தோளில் இருந்தது. இடது காலைத் தரையில் வைத்தாள், ஊன்றவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஊன்றி நடக்கிற மாதிரிதான் தெரியும். சேந்தி நடக்கிற நடைதான்.

வார்டு கூட்டுகிற அம்மா வாளியோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏ, இது அந்தப் படத்துப் பூட்ஸுல்ல! தீ மேல நடந்து வருவாளே! எங்க வாங்குனிய?"

அரசி என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்பது போல. நான் தலையசைத்தேன்.

"இதோ, எங்கம்மா கடையில."

நர்ஸ் ஓடி வந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டியதை எழுதவில்லை. திட்டினாள், நியாயம்தான். கழற்றும்போது அரசி மேல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடதை நான் மெதுவாகத்தான் கழற்றினேன்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மதியம் ஒருத்தர் வெளியே வந்து, எடுத்ததை என்ன செய்ய வேண்டும், நீங்கள் வாங்கி அடக்கம் செய்கிறீர்களா, நாங்களே செய்துவிடவா என்று கேட்டார். நீங்களே செய்துவிடுங்கள் என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார்.

அளவு ஆறு. வீங்குவதற்கு முன்னால். அதை அவரிடம் சொல்லவில்லை, அவருக்கு எதற்கு.

ஜூலை 21, திங்கள்

இல்லாத கால் வலிக்கிறது என்கிறாள். டாக்டர் அப்படி இருக்கும் என்கிறார். எங்கே வலிக்கிறது என்றால் சுண்டுவிரலில் என்கிறாள். நான் போர்வைக்கு மேலே அந்த இடத்தில், ஒன்றும் இல்லாத இடத்தில், கையை வைத்துத் தேய்த்தேன். "கொஞ்சம் கொறையுதும்மா" என்றாள். பொய்தான் சொல்கிறாள். ரொம்ப நேரம் தேய்த்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்னும் ஆஸ்பத்திரிதான். போட்டியைப் போனில் நேரடியாகக் காட்டினார்கள். கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து பார்த்தேன். ராட்சசன், ரோபோ, சிறகு வைத்த பெண் என்று ஏதேதோ வந்தார்கள். ஒரு பெண் சேந்தியாக வந்தாள். நல்ல உயரம். கவசம் பளபளவென்றிருந்தது. கைதட்டு காதைப் பிளந்தது.

நானும் அரசியும் ஒரே நேரத்தில் அவள் காலைப் பார்த்தோம். குதிரைச் சவாரி பூட்ஸ். ஒடுங்கிய மூக்கு.

"அடி தப்பு" என்றாள் அரசி.

"தப்பு" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் பரிசு. அரசி கைதட்டினாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஜூன் மாதத்திலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு மாலையில் கடைக்குப் போய்ச் சங்கரபாண்டிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

நெஞ்சுக்கு வேறு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். டாக்டர் முன்னே மாதிரி உடனுக்குடன் பதில் சொல்வதில்லை. நான் கேட்டதும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார். நானும் முன்னே மாதிரி எல்லாவற்றையும் கேட்பதில்லை.

அரசிக்குக் கக்கத்தில் வைத்து ஊன்றும் கட்டைகள் வாங்கியாயிற்று. வீட்டில் செருப்போடு நடந்தால் வழுக்குகிறது என்று அவளே வலது பூட்ஸைப் போட்டுக்கொண்டாள். சோல் நல்ல பிடிப்பு. இறால் கம்பெனித் தண்ணீரிலேயே வழுக்காதது, சிமெண்டுத் தரையில் வழுக்குமா.

இடது பூட்ஸைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருந்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இத ஏம்மா ஒளிச்சு வச்சிருக்க? கடைக்குக் கொண்டுபோ. ஸ்டாண்டுல வை. ஒன் கடையில இடதுகால்தானே வெளிய வைப்ப?"

செப்டம்பர் 14, ஞாயிறு

வைத்திருக்கிறேன். ஸ்டாண்டில் மேல் தட்டில், ட்யூப் லைட்டுக்குக் கீழே. சங்கரபாண்டி தினமும் தூசி தட்டுகிறான். விலைச் சீட்டு ஒட்டவில்லை. ஐஸ் கம்பெனிக்காரர் இன்னும் வரவில்லை.

காலேஜ் பையன்கள் மூன்று பேர் இன்று சாயங்காலம் வந்தார்கள். ஒருத்தன் பார்த்த உடனே கூவினான்.

"டேய், சேந்தி பூட்ஸுடா! அப்படியே இருக்குல! யக்கா, இது என்ன வெல?"

"விக்கதுக்கு இல்ல தம்பி."

"சும்மா போட்டாவது பாக்கேன்க்கா. இதுக்குச் சோடி எங்க, உள்ளயா?"

ஸ்டாண்டில் இருப்பதைக் காட்டி வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். சோடி உள்ளே பெட்டியில் இருக்கு, எடுத்துத் தாரேன் என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். வாய் தானாகத் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

கடைக்கு வந்திருந்த அரசி, வலது பூட்ஸும் கட்டைகளுமாக, தெருமுனை வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போயிருந்தாள். தனியாகப் போவேன், பின்னாலே வராதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"சோடி நடக்கப் போயிருக்கு தம்பி" என்றேன்.

பையன்கள் சிரித்தார்கள். நான் கல்லாவை விட்டு எழுந்து வாசல்படியில் வந்து நின்றேன்.